துப்பாக்கிக்கு ஒரு டிரஸ்ட்: உள்ளே வைப்பதும் வெளியே எடுப்பதும்

அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் பற்றிப் பேச்சு வந்தால், டெக்சாஸிலோ ஜார்ஜியாவிலோ சில வருஷம் இருந்துவிட்டு வந்த யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார்: “அங்க ஒரு டிரஸ்ட் எழுதிட்டாப் போதும். எந்த செக்கிங்கும் கிடையாது. மெஷின் கன்கூட வாங்கலாம்.” பக்கத்தில் இருப்பவர் உடனே, “அதுதான் அந்த நாட்டில் தினம் ஒரு துப்பாக்கிச் சூடு” என்று முடித்துவிடுவார். முதலாமவர் சொன்னதில் ஒரு பகுதி 2016 ஜூலை வரை உண்மையாக இருந்தது. இப்போது இல்லை. இரண்டாமவர் சொன்னதற்கும் டிரஸ்டுக்கும் பெரிய தொடர்பு கிடையாது.

துப்பாக்கி டிரஸ்ட் என்பது உண்மையில் என்ன, அதற்குள் ஒரு துப்பாக்கி எப்படிப் போகிறது, எப்படி வெளியே வருகிறது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம். சட்டம் படித்தவர்களுக்கான கட்டுரை அல்ல இது. அங்கே வசித்துக்கொண்டு நிஜமாகவே டிரஸ்ட் எழுதப் போகிறவர்கள் தங்கள் மாநில வழக்கறிஞரைப் பாருங்கள்.

பாட்டியின் நகைப்பெட்டி

ஒரு பாட்டி தன் நகைகளைப் பெரிய மகனிடம் கொடுக்கிறாள். “இது உனக்கில்லை. பேத்தி கல்யாணத்துக்கு. அதுவரை லாக்கரில் வைத்துப் பார்த்துக்கொள்” என்கிறாள். நகை மகனிடம்தான் இருக்கிறது. ஆனால் அவன் விற்றுத் தின்ன முடியாது. பேத்திக்கு உரியதுதான், ஆனால் அவள் இன்றைக்கே வந்து லாக்கரைத் திறக்கச் சொல்லவும் முடியாது. பாட்டி போட்ட நிபந்தனை இருவரையும் கட்டுகிறது.

டிரஸ்ட் என்பது இந்த ஏற்பாட்டை எழுத்தில் போட்டு, நீதிமன்றம் ஏற்கும்படி கையெழுத்திடுவது. பாட்டி இடத்தில் இருப்பவர் டிரஸ்டை உருவாக்குபவர். பெரிய மகன் இடத்தில் இருப்பவர் டிரஸ்டி, அதாவது அறங்காவலர். பேத்தி பயனாளி. இந்த மூன்று பாத்திரங்களையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

அமெரிக்கத் துப்பாக்கி டிரஸ்ட்களில் ஒரு திருப்பம் உண்டு. பெரும்பாலும் உருவாக்குபவரே முதல் டிரஸ்டியாகவும் இருப்பார். பாட்டியே லாக்கர் சாவியையும் வைத்துக்கொள்கிறாள், கூடவே மகனுக்கும் மருமகளுக்கும் ஒரு சாவி கொடுக்கிறாள். உயிரோடு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் நிபந்தனைகளை மாற்றலாம், டிரஸ்டையே கலைக்கலாம். இப்படி மாற்றக்கூடியதைத் திரும்பப் பெறத்தக்க டிரஸ்ட் என்பார்கள்.

நகைக்கும் துப்பாக்கிக்கும் ஒப்புமை இதோடு நிற்கிறது. நகையை அத்தையிடம் இரண்டு நாள் கொடுத்து வைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். சில வகைத் துப்பாக்கிகளை அப்படிக் கொடுத்தால் பத்து வருஷம் வரை சிறை.

அமெரிக்காவில் துப்பாக்கி இரண்டு சாதி

துப்பாக்கி என்றால் எல்லாம் ஒன்று என்று நாம் நினைப்பதால்தான் பாதிக் குழப்பம். கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் அவை இரண்டு வகை.

முதல் வகை சாதாரணத் துப்பாக்கிகள்: கைத்துப்பாக்கி, வேட்டை ரைஃபிள், ஷாட்கன். உரிமம் பெற்ற கடையில் ஒரு படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்ததும் வாங்கிப் போகலாம். இன்னார் இன்ன துப்பாக்கி வைத்திருக்கிறார் என்று மத்திய அரசு இவற்றுக்கு ஒரு பதிவேடு நடத்துவதில்லை. நடத்தக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது.

இரண்டாவது வகையின் கதை 1934-இல் தொடங்குகிறது. மதுவிலக்குக் காலத்துக் கும்பல்கள், 1929 காதலர் தினத்தில் சிகாகோவில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்ட சம்பவம், நாளிதழ்களில் தினமும் தாம்சன் இயந்திரத் துப்பாக்கிப் படம் — இந்தச் சூழலில் ரூஸ்வெல்ட் ஆட்சியில் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. அது எதையும் தடை செய்யவில்லை. சில ஆயுதங்கள் கைமாறும்போதெல்லாம் 200 டாலர் வரி, கூடவே மத்தியப் பதிவேட்டில் பெயர், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் ஒரு தாம்சன் துப்பாக்கியின் விலையே ஏறக்குறைய அவ்வளவு. வரி என்ற பெயரில் போட்ட வேலி அது.

இந்த வேலிக்குள் வருபவை: விசையை ஒருமுறை அழுத்தினால் தொடர்ந்து சுடும் இயந்திரத் துப்பாக்கி, 16 அங்குலத்துக்குக் குறைவான குழல் உள்ள ரைஃபிள், 18 அங்குலத்துக்குக் குறைவான குழல் உள்ள ஷாட்கன், சுடும் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர், கையெறி குண்டு போன்றவை, பேனாவுக்குள் ஒளித்த துப்பாக்கி மாதிரியான சில விசித்திரங்கள். கட்டுரையின் மீதிப் பகுதியில் இவற்றை ‘பதிவு ஆயுதம்’ என்று சொல்கிறேன்.

பதினாறு அங்குல ரைஃபிள் சாதாரணம், பதினைந்தரை அங்குலம் பதிவு ஆயுதம் என்பது விநோதமாகப் படலாம். முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் சேர்க்கப்பட்டிருந்தன. ரைஃபிள் குழலை அறுத்துக் கைத்துப்பாக்கி ஆக்கி ஏமாற்றக் கூடாது என்று குழல் நீளத்தையும் எழுதினார்கள். பிறகு எதிர்ப்பு வந்து கைத்துப்பாக்கியை நீக்கிவிட்டார்கள், குழல் விதி மட்டும் தங்கிவிட்டது. காவல் காக்க வேண்டிய வீடு போய்விட்டது, காவல்காரன் தொண்ணூறு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறான்.

இயந்திரத் துப்பாக்கிக்கு மட்டும் 1986-இல் இன்னொரு பூட்டு போட்டார்கள். அந்த ஆண்டு மே 19-க்கு முன்பு பதிவானவை மட்டுமே குடிமக்களிடையே கைமாறலாம், புதிதாக ஒன்றும் சேராது. எண்ணிக்கை நின்றுபோனதால் விலை பல்லாயிரம் டாலருக்கு ஏறிவிட்டது. “டிரஸ்ட் எழுதி மெஷின் கன் வாங்கலாம்” என்பவர் இந்த விலைப்பட்டியலைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

வரியிலும் அண்மையில் ஒரு மாற்றம். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரிச் சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கும் குறுங்குழல் துப்பாக்கிகளுக்கும் வரி பூஜ்யம். இயந்திரத் துப்பாக்கிக்கும் குண்டு வகைக்கும் 200 டாலர் தொடர்கிறது. வரி போனதால் பதிவும் போய்விட்டது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை. விண்ணப்பம், கைரேகை, ஒப்புதல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வரியே இல்லாதபோது பதிவு எதற்கு என்று கேட்டு வழக்குகள் தொடுக்கப்பட்டிருக்கின்றன.

இதுவரை சொன்னது: டிரஸ்டில் உருவாக்குபவர், டிரஸ்டி, பயனாளி என்று மூவர். துப்பாக்கியில் சாதாரணம், பதிவு ஆயுதம் என்று இரு வகை. டிரஸ்ட் பற்றிய எந்தக் கேள்விக்கும் பதில் தேடுமுன், பேசுவது எந்த வகையைப் பற்றி என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏன் டிரஸ்ட்?

ஒருவர் தன் பெயரில் ஒரு சைலன்சர் பதிவு செய்கிறார். சட்டப்படி அது அவர் கையில் மட்டுமே இருக்கலாம். அவர் வேலை விஷயமாக வெளியூர் போகிறார். வீட்டில் மனைவி இருக்கிறார், இரும்புப் பெட்டியின் எண் மனைவிக்குத் தெரியும். மனைவி எடுத்துத் தொடவே வேண்டாம். எடுக்க முடியும் என்ற நிலையே ‘வைத்திருத்தல்’ என்று வழக்கில் வாதாட இடம் உண்டு. தன் பெயரில் பதிவு இல்லாத ஆயுதத்தை மனைவி வைத்திருந்ததாகிவிடும்.

இதே சைலன்சர் ஒரு டிரஸ்டின் பெயரில் பதிவாகி, கணவன் மனைவி இருவரும் டிரஸ்டிகளாக இருந்தால் இந்தச் சிக்கல் எழாது. யார் வேண்டுமானாலும் பெட்டியைத் திறக்கலாம், தனியாகச் சுடும் திடலுக்கு எடுத்துப் போகலாம். அப்பாவும் மகளும் வேட்டைக்குப் போகும் குடும்பத்தில் மகள் தனியாகப் போகவும் வழி கிடைக்கிறது. டிரஸ்டின் நேர்மையான முதல் பயன் இதுதான். பெரும்பாலோர் இதற்காகவே எழுதுகிறார்கள்.

இரண்டாவது பயன் மரணத்துக்குப் பிறகு. அதைப் பின்னால் பார்ப்போம்.

மூன்றாவதாக ஒரு காரணம் இருந்தது. அதுதான் அந்த டெக்சாஸ் நண்பர் கேள்விப்பட்டது. 2016-க்கு முன் தனிநபர் ஒருவர் பதிவு ஆயுதம் வாங்க விண்ணப்பித்தால் புகைப்படம், கைரேகை, உள்ளூர் ஷெரீஃப் அல்லது காவல்துறைத் தலைவரின் கையெழுத்து மூன்றும் வேண்டும். சில ஊர்களில் அந்த அதிகாரி, “நான் யாருக்கும் கையெழுத்துப் போடுவதில்லை” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். மேல்முறையீடு செய்ய இடமில்லை. டிரஸ்டுக்கு விரல் கிடையாது, முகம் கிடையாது. ஆகவே டிரஸ்ட் விண்ணப்பித்தால் கைரேகையும் தேவையில்லை, காவல் அதிகாரியின் கையெழுத்தும் தேவையில்லை. நேர்மையான ஆட்கள் முரட்டு அதிகாரியைச் சுற்றிப் போக இந்தச் சந்துவழியைப் பயன்படுத்தினார்கள். அதே சந்து வேறு ஆட்களுக்கும் திறந்திருந்தது என்பதையும் மறுக்க முடியாது.

2016 என்ன செய்தது?

ஏ.டி.எஃப். என்பது மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் விவகாரங்களைப் பார்க்கும் மத்திய அமைப்பு, நீதித்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. இந்த விதியை மாற்றச் சொல்லி 2009-இல் மனுப் போட்டது துப்பாக்கி எதிர்ப்பாளர்கள் அல்ல. பதிவு ஆயுத வணிகர்களும் சேகரிப்பாளர்களும் சேர்ந்த சங்கமே போட்டது. டிரஸ்டில் இருப்பவர்களையும் சோதியுங்கள், பதிலுக்குக் காவல் அதிகாரி கையெழுத்து என்ற தலைவலியை எல்லோருக்கும் நீக்குங்கள் என்பது அவர்கள் கேட்ட பேரம். 2013 ஆகஸ்டில் ஒபாமா அரசு இதைக் கையில் எடுத்தது. 2016 ஜனவரியில் இறுதி விதி வெளியாகி, ஜூலை 13 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்த விதி ‘பொறுப்பாளர்’ என்று ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்தது. டிரஸ்டின் சார்பாகத் துப்பாக்கியைப் பெறவோ வைத்திருக்கவோ கொண்டுபோகவோ விற்கவோ அதிகாரம் உள்ள எவரும் பொறுப்பாளர். உருவாக்குபவரும் டிரஸ்டிகளும் பொதுவாக இதில் வந்துவிடுவார்கள். வெறும் பயனாளி வரமாட்டார், அவருக்கும் அதே அதிகாரங்கள் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால் தவிர. டிரஸ்ட் ஒரு பதிவு ஆயுதத்துக்கு விண்ணப்பித்தால் ஒவ்வொரு பொறுப்பாளரும் தனித்தனியாகப் புகைப்படமும் கைரேகையும் தந்து பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். காவல் அதிகாரியின் கையெழுத்து போய், அவருக்கு ஒரு பிரதி அனுப்பினால் போதும் என்று ஆனது.

ஆக, பேரத்தில் இரு பக்கமும் ஏதோ பெற்றது. சந்து அடைபட்டது, முரட்டு அதிகாரியின் பிடியும் தளர்ந்தது. “டிரஸ்ட் என்றால் செக்கிங் இல்லை” என்ற வாசகம் மட்டும் இன்னும் காலாவதி ஆகாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது நிலைமை நேர் எதிர். தனிநபர் விண்ணப்பத்தில் ஒருவரைச் சோதித்தால் போதும், நான்கு டிரஸ்டிகள் இருந்தால் நால்வரையும் சோதிக்க வேண்டும்.

உள்ளே போவது

சாதாரணத் துப்பாக்கியை டிரஸ்டுக்குள் கொண்டுவருவது சுலபம். டிரஸ்ட் பத்திரத்தோடு ஒரு சொத்துப் பட்டியல் இருக்கும். “என்னுடைய இந்த ரைஃபிளை, இந்த எண் உள்ளதை, டிரஸ்டுக்கு ஒப்படைக்கிறேன்” என்று எழுதிக் கையெழுத்திட்டுப் பட்டியலில் சேர்த்தால் பொதுவாகப் போதும். மத்திய அரசிடம் போக வேண்டியதில்லை. தனியார் கைமாற்றத்துக்கும் பின்னணிச் சோதனை கேட்கும் மாநிலங்கள் உண்டு. அங்கே மாநில விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடையில் புதிதாக வாங்கினால், டிரஸ்டின் பெயர் சொல்லித் தப்ப முடியாது. வாங்க வந்த மனிதர்தான் படிவம் நிரப்புவார், சோதனை அவருக்குத்தான்.

பதிவு ஆயுதம் வேறு கதை. இங்கே ‘கைமாற்றம்’ என்ற சொல்லைச் சட்டம் மிக அகலமாக வரையறுக்கிறது. விற்பது மட்டுமல்ல, கொடுப்பது, இரவல் தருவது, வாடகைக்கு விடுவது, அடகு வைப்பது எல்லாம் கைமாற்றமே. ஆகவே உங்கள் பெயரில் ஏற்கெனவே உள்ள சைலன்சரை நீங்களே உருவாக்கி நீங்களே டிரஸ்டியாக இருக்கும் டிரஸ்டுக்கு மாற்றுவதும் கைமாற்றம்தான். துப்பாக்கி அலமாரியை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை, நீங்களும் நகரவில்லை. ஆனால் பதிவேட்டில் பெயர் மாறுகிறது. அதற்கு ‘படிவம் 4’ என்ற விண்ணப்பம் போட்டு, ஒப்புதல் வந்த பிறகுதான் டிரஸ்ட் பட்டியலில் சேர்க்க வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். சாதாரணத் துப்பாக்கிகளோடு சேர்த்து ஒரே காகிதத்தில் சைலன்சரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஒப்புதல் இல்லாத கைமாற்றத்துக்குத் தாங்களே எழுத்துச் சாட்சியம் தயார் செய்து வைப்பது போலத்தான் அது.

இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் முதலில் டிரஸ்டை எழுதிவிட்டு, பதிவு ஆயுதத்தை நேராக டிரஸ்டின் பெயரில் வாங்குகிறார்கள். தன் பெயரில் வாங்கிப் பிறகு மாற்றினால் இரண்டு முறை விண்ணப்பம், வரி இருந்த காலத்தில் இரண்டு முறை 200 டாலர்.

கடையில் வாங்காமல் தானே செய்வதும் உண்டு. தன் ரைஃபிளுக்குக் குட்டைக் குழல் பொருத்துவதும் சட்டப்படி ‘செய்தல்’. அதற்கு ‘படிவம் 1’. ஒப்புதல் வந்த பிறகே குழலைப் பொருத்தலாம். அப்படிச் செய்ததில் செய்தவரின் பெயரையும் ஊரையும் மாநிலத்தையும் உலோகத்தில் பொறிக்க வேண்டும். செய்தவர் டிரஸ்ட் என்றால் டிரஸ்டின் முழுப் பெயர். தாத்தா பெயர், பாட்டி பெயர், குலதெய்வம் எல்லாம் சேர்த்து டிரஸ்டுக்குப் பெயர் வைத்தவர் பொறிப்பவரிடம் போய் நிற்கும்போதுதான் வருந்துவார். நாலைந்து எழுத்துப் பெயராகப் பார்த்து வைப்பது அங்கே வழக்கம்.

சுருக்கமாக: சாதாரணத் துப்பாக்கி பெரும்பாலும் ஒரு காகிதத்தில் உள்ளே வந்துவிடும். பதிவு ஆயுதம் ஒப்புதல் வந்த பிறகே வரும். முன்னும் பின்னும் ஒரே ஆள்தான் வைத்திருக்கிறார் என்பது கணக்கில் வராது.

ஆள் மாறினால் கைமாற்றமா?

இல்லை. துப்பாக்கி டிரஸ்டின் பெயரிலேயே இருக்கிறது. ஒரு டிரஸ்டியைச் சேர்ப்பதும் நீக்குவதும் டிரஸ்ட் பத்திரத்தில் திருத்தம், ஆயுதத்தின் கைமாற்றம் அல்ல. 2016 விதியின்படி, ஒப்புதல் எல்லாம் முடிந்த பிறகு ஒரு புது டிரஸ்டியைச் சேர்த்தால் உடனே ஏ.டி.எஃப்.புக்கு எழுத வேண்டியதில்லை. அடுத்த முறை டிரஸ்ட் எதற்காவது விண்ணப்பிக்கும்போது அவருடைய கைரேகையும் புகைப்படமும் போகும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது சேர்த்தால் மட்டும் தெரிவிக்க வேண்டும்.

இது ஓட்டை இல்லையா என்று கேட்கலாம். ஒரு வகையில் ஓட்டைதான், விதி வந்தபோதே விமர்சனமும் வந்தது. ஆனால் சோதனை தள்ளிப்போவதால் தகுதி வந்துவிடாது. குற்றத் தண்டனை பெற்றவர், குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை பெற்றவர் போன்றோர் எந்தத் துப்பாக்கியையும் தொடக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. அவர்களை டிரஸ்டியாக எழுதினால், அவர்கள் கையில் சாவி வந்த கணமே குற்றம். தெரிந்தே கொடுத்தவரும் குற்றவாளி.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இங்கே உண்டு. அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்திருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கலாம். எச்1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் பொதுவாக வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர் போன்ற சில விலக்குகள் தவிர. “என் தம்பியும் கூடத்தான் இருக்கிறான், அவனையும் டிரஸ்டியாகப் போட்டுவிடலாம்” என்று அண்ணன் நினைத்தால், முதலில் தம்பியின் விசாவைப் பார்க்க வேண்டும். பிசகினால் வழக்கோடு நிற்காது, குடியேற்றக் கோப்பிலும் ஏறும்.

டிரஸ்ட் ஓர் ஆளா?

இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. 1986 சட்டம், புதிய இயந்திரத் துப்பாக்கியை எந்த ‘நபரும்’ வைத்திருக்கக் கூடாது என்கிறது. 1968-இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ‘நபர்’ என்பதன் வரையறையில் தனிமனிதர், நிறுவனம், கூட்டாண்மை எல்லாம் உண்டு, டிரஸ்ட் இல்லை. பதிவு ஆயுத விதிகள் அடங்கிய வரிச் சட்டத்தின் வரையறையில் டிரஸ்ட் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த சிலர், “டிரஸ்ட் நபரே இல்லை என்றால் தடையும் அதற்கு இல்லை. வரிச் சட்டப்படி விண்ணப்பிக்க மட்டும் முடியும்” என்று ஒரு வாதம் கட்டினார்கள். கெட்டிக்கார வாதம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பென்சில்வேனியாவில் ஒரு டிரஸ்டியின் படிவத்தை ஏ.டி.எஃப். தவறுதலாக ஒப்புதல் முத்திரையோடு திருப்பி அனுப்பியே விட்டது. அவர் இயந்திரத் துப்பாக்கியைச் செய்தார். பிறகு அமைப்பு விழித்துக்கொண்டு ஒப்புதலை ரத்து செய்து, துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னது. டெக்சாஸிலும் இதே மாதிரி ஒரு வழக்கு. 2016-இல் இரண்டு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன: டிரஸ்ட் நபரோ இல்லையோ, டிரஸ்டி ஒரு மனிதர். துப்பாக்கியைச் செய்வதும் வைத்திருப்பதும் அவர். தடை அவருக்கு உண்டு.

துப்பாக்கி டிரஸ்ட் பற்றிய முக்கால்வாசிப் புரளிகள் இந்தத் தீர்ப்போடு கரைந்துவிடும். டிரஸ்ட் ஒரு பெயர், ஒரு பட்டியல், சில நிபந்தனைகள். அதற்குக் கை கிடையாது. சட்டம் தேடுவது கையை.

வெளியே போவது

விற்பனை வழியாக வெளியேறுவது எளிதில் புரியும். டிரஸ்ட் விற்பவர், டிரஸ்டி கையெழுத்திடுகிறார், வாங்குபவர் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். பதிவு ஆயுதம் என்றால் மீண்டும் படிவம் 4. ஒப்புதல் வரும்வரை ஆயுதம் டிரஸ்டியிடம்தான். பணம் வந்துவிட்டது என்று பொருளைக் கொடுத்துவிட முடியாது. வாங்குபவர் வேறு மாநிலம் என்றால் அவருடைய மாநிலத்தில் உள்ள, பதிவு ஆயுதத்துக்குத் தனி வரி கட்டிய டீலர் வழியாகப் போக வேண்டும்.

உருவாக்கியவரே தன் துப்பாக்கியைத் திரும்பத் தன் பெயருக்கு எடுத்துக்கொள்வதும் அப்படித்தான். சாதாரணத் துப்பாக்கியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டுத் தன் பெயருக்குத் திருப்பி எழுதிக்கொள்ளலாம். பதிவு ஆயுதத்துக்கு மறுபடி விண்ணப்பம். டிரஸ்டைக் கலைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். விவாகரத்து ஆகிறது, கோபத்தில் பத்திரத்தைக் கிழித்துப் போடுகிறார்கள். பதிவேட்டில் சைலன்சர் இன்னும் டிரஸ்டின் பெயரில் இருக்கிறது, டிரஸ்ட் இல்லை. கலைப்பதற்கு முன் ஆயுதம் வேறொரு பெயருக்கு முறையாகப் போயிருக்க வேண்டும்.

விவாகரத்தில் இன்னொன்று: நீக்கப்பட்ட டிரஸ்டியின் வீட்டில் ஆயுதம் இருந்தால், நீக்கம் கையெழுத்தாகும் நாளுக்குள் அது மற்ற டிரஸ்டியிடம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். பெட்டியின் எண்ணையும் அன்றைக்கே மாற்றுவது நல்லது.

இனி மரணம். டிரஸ்ட் இல்லாமல் ஒருவர் இறந்தால் அவருடைய துப்பாக்கிகள் மற்றச் சொத்துகளோடு நீதிமன்ற நடைமுறைக்குள் போகும். உயிலை நிறைவேற்றுபவர் அதுவரை பதிவு ஆயுதங்களைப் பாதுகாத்து வைத்திருக்கலாம், அது கைமாற்றம் ஆகாது. பிறகு வாரிசுக்குக் கொடுக்க ‘படிவம் 5’ உண்டு, அதற்கு வரி கிடையாது. வரி இல்லை என்பதால் அனுமதியும் வேண்டாம் என்று பொருளல்ல. வாரிசு தகுதியானவரா என்று பார்த்துத்தான் ஒப்புதல் வரும்.

டிரஸ்ட் இருந்தால், இறந்தது மனிதர், டிரஸ்ட் அல்ல. மற்ற டிரஸ்டியோ பத்திரத்தில் முன்கூட்டியே பெயர் எழுதப்பட்ட அடுத்த டிரஸ்டியோ பொறுப்பேற்பார். துப்பாக்கிகள் இருந்த இடத்திலேயே இருக்கும், நீதிமன்றத்துக்கு அலைய வேண்டாம். பேத்தி கல்யாணம் மாதிரியே, “என் மகனுக்கு 25 வயது ஆகும்வரை டிரஸ்டில் இருக்கட்டும்” என்று எழுதியிருந்தால் அதுவரை அங்கேயே இருக்கும். வயதுக்கு வராத பிள்ளை உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். பிள்ளை இப்போது வெறும் பயனாளி. சாவி கேட்கும் உரிமை அவனுக்கு இல்லை.

அந்த நாள் வந்ததும், டிரஸ்டிலிருந்து மகன் பெயருக்குப் போவது கைமாற்றம். பதிவு ஆயுதம் ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பமும் ஒப்புதலும் வேண்டும். மகனுக்கு அதற்குள் ஒரு குற்றத் தண்டனை வந்திருந்தால் கொடுக்க முடியாது. நன்றாக எழுதிய பத்திரத்தில், “பயனாளி தகுதி இழந்திருந்தால் விற்றுப் பணத்தைக் கொடு” என்று ஒரு வரி இருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பொதுவான டிரஸ்ட் படிவங்களில் அந்த வரி இருக்காது. “நான் இறந்ததும் எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடு” என்றுதான் இருக்கும். வீட்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் எழுதிய வாக்கியம் அது. அதை நம்பி ஒன்றும் தெரியாத டிரஸ்டி சைலன்சரைக் கார் டிக்கியில் போட்டுத் தங்கை வீட்டுக்கு எடுத்துப் போனால், உருவாக்கியவரின் கையெழுத்தே அந்த டிரஸ்டியை மாட்டிவிடும். துப்பாக்கிக்கென்று தனி டிரஸ்ட் எழுதுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

திரும்பப் பார்த்தால்: விற்பனை, உருவாக்கியவருக்கே திரும்புவது, பயனாளிக்குப் போவது என்று டிரஸ்டை விட்டு வெளியேற மூன்று வழிகள். பதிவு ஆயுதத்துக்கு மூன்றிலும் முதலில் ஒப்புதல், பிறகு பொருள்.

மாநில எல்லை

சாதாரணத் துப்பாக்கியைக்கூட ஒரு மாநிலத்தவர் இன்னொரு மாநிலத்தவருக்கு நேரடியாகக் கொடுக்க 1968 சட்டம் அனுமதிப்பதில்லை, டீலர் வழியாகத்தான் போக வேண்டும். உயில் மூலமோ உயில் இல்லாத வாரிசுரிமை மூலமோ வருவதற்கு விலக்கு உண்டு. சட்டத்தின் வாசகம் அந்த இரண்டை மட்டுமே சொல்கிறது, டிரஸ்ட் என்ற சொல் அங்கே இல்லை. எனவே அப்பாவின் டிரஸ்ட் டெக்சாஸிலும் மகள் ஓஹையோவிலும் இருந்தால், அவள் ஊர் டீலரிடம் அனுப்பி அங்கே பெற்றுக்கொள்ளச் செய்வதே சர்ச்சையில்லாத வழி.

ஆயுதத்தை எடுத்துக்கொண்டு டிரஸ்டியே ஊர் மாறினாலும் விதி உண்டு. இயந்திரத் துப்பாக்கியையும் குறுங்குழல் துப்பாக்கியையும் மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோக ஏ.டி.எஃப்.பிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சைலன்சருக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆனால் போய்ச் சேரும் மாநிலம் அதை ஏற்க வேண்டும். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய் போன்ற மாநிலங்களில் பொதுமக்கள் சைலன்சர் வைத்திருப்பதே குற்றம். டிரஸ்டின் பெயரில் இருக்கிறது, மத்திய அரசின் முத்திரை இருக்கிறது என்று காட்டினாலும் மாநிலக் காவலர் ஏற்கமாட்டார்.

டெக்சாஸில் இருந்த கணவனுக்குக் கலிஃபோர்னியாவில் வேலை கிடைத்தால், தன் பெயரில் மட்டும் சைலன்சர் வைத்திருப்பவர் கிளம்புவதற்கு முன் அதை விற்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் தன்னைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாதபடி டெக்சாஸில் பூட்டி வைக்க வேண்டும். டிரஸ்டின் பெயரில் இருந்து, டெக்சாஸிலேயே தங்கும் மாமனாரும் டிரஸ்டியாக இருந்தால், அவர் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போகலாம். விண்ணப்பம் எதுவும் இல்லை, பதிவேட்டில் ஓர் எழுத்தும் மாறாது.